எழுத்தாளரைப் பேச அழைக்க ஓர் இணையத்தளம்: வாசகர் கேள்வி பதில்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் நெருங்கினால் வன்னியின் பாடசாலைகளும் பொது நூலகங்களும் பேச்சாளர் தேடத் தொடங்கிவிடும். தெரிந்த நான்கைந்து பேருக்கே எல்லா அழைப்பும் போகும். அடுத்த கிராமத்தில் மூன்று நூல்கள் எழுதிய ஒருவர் இருப்பது பலருக்குத் தெரியாது. எழுத்தாளர்களைத் தேடிக் கண்டு, நாள் குறித்து அழைக்கும் தளம் ஒன்றை எப்படி அமைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் நாற்பது எழுத்தாளர்களின் பெயர்களைத் திரட்டி வைத்திருக்கிறோம். தளத்தை எங்கிருந்து தொடங்குவது? என்னென்ன பக்கங்கள் வேண்டும்?
(நூலக உதவியாளர், புதுக்குடியிருப்பு)

கணினியைத் திறக்க முன் ஒரு தாள் எடுங்கள். ஓர் அதிபர் எழுத்தாளருக்குத் தொலைபேசி எடுத்தால் எழுத்தாளர் திருப்பிக் கேட்பது என்ன? எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த வகுப்புப் பிள்ளைகள், எத்தனை பேர், எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்படி வந்து போவது. இவற்றை எழுதி முடித்தால் அழைப்புப் படிவம் தயார். அதேபோல அதிபர் கேட்பவற்றை எழுதினால் எழுத்தாளர் பக்கம் தயார். தளத்தின் மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் வழிவிடத்தான்.

நான்கு பக்கங்கள் போதும்: பெயர்ப்பட்டியல், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், அழைப்புப் படிவம், அழைக்கும் முறையை விளக்கும் ஒரு பக்கம். முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய படங்களும் தலைவரின் ஆசிச்செய்தியும் வேண்டாம். திறந்தவுடன் பட்டியலே தெரிய வேண்டும்.

எழுத்தாளர் பக்கத்தில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் ‘பேசக்கூடிய தலைப்புகள்’. பலர் அங்கே ‘இலக்கியம்’, ‘கவிதை’, ‘சமூகம்’ என்று ஒரு சொல்லில் எழுதித் தருவார்கள். அதைப் பார்த்து எந்த ஆசிரியரும் முடிவெடுக்க மாட்டார். ‘தரம் 6 முதல் 9 வரை: ஒரு கதையின் முதல் வரியை எழுதுவது எப்படி? 45 நிமிடம், 40 மாணவர் வரை, ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் போதும்’ என்று இருந்தால் அந்த ஆசிரியர் உடனே தன் வகுப்பை எண்ணிப் பார்ப்பார். ஒருவருக்கு இப்படி மூன்று முதல் ஐந்து தலைப்புகள் வாங்குங்கள். அதை எழுத்தாளரிடம் விட்டுவிடாமல் அரைமணி நேரம் உடனிருந்து எழுதுங்கள்.

அதோடு, நூல்களில் உள்ளபடி பெயர், ஊர், நூல்கள், எந்த வயதினருக்குப் பேசுவார், எந்த மொழிகளில், எந்தெந்த நகரங்கள் வரை வருவார், என்ன வசதி தேவை. இன்னும் இரண்டு விடயங்களைப் பெரும்பாலான தளங்கள் மறந்துவிடுகின்றன. ஒன்று, அறிவிப்பாளர் மேடையில் வாசிக்க 60 சொற்களில் ஓர் அறிமுகம். இது இல்லாததால்தான் நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவு எழுத்தாளருக்குத் தொலைபேசி வருகிறது. மற்றது, பதாகை அடிப்பதற்குப் பெரிய அளவு படம். தளத்தில் தெரியும் சிறிய படத்தைப் பெருப்பித்து அடித்தால் முகம் கட்டம் கட்டமாகப் போய்விடும். மூலப்படத்தைத் தனியாகத் தரவிறக்க விடுங்கள்.

ஒருவரின் பேச்சை ஒரு நிமிடம் கேட்க வைப்பது பத்துப் பாராட்டு வரிகளைவிடப் பயன் தரும். விநாடிக்கு 32 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிட ஒலிப்பதிவு 240 கிலோபைட்தான். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம்.

நூற்பட்டியலில் கண்டிப்பு வேண்டாம். 2009க்கு முந்திய இடப்பெயர்வுகளில் சொந்த நூலின் ஒரு பிரதிகூட மிஞ்சாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். ‘பதிப்பாண்டு’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கினால் அவர்கள் ஊகித்து ஓர் ஆண்டை எழுதுவார்கள், பிழையான தகவல் பரவும். காலியாக விட இடம் கொடுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் அவர்களது நூலோ ஆளுமைப் பக்கமோ இருந்தால் அதற்கு இணைப்புக் கொடுங்கள். நீங்கள் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

நாற்பது பேரையும் அரைகுறையாகப் போடாமல் பன்னிரண்டு பேரை முழுமையாகப் போட்டுத் தொடங்குங்கள். முதல் தவணைக்கு ஒரு கூகுள் படிவமும் ஒரு விரிதாளும் போதும். எந்தக் கட்டத்தை மக்கள் நிரப்பாமல் விடுகிறார்கள், எதைப் பிழையாக விளங்குகிறார்கள் என்பது அந்தத் தவணையிலேயே தெரிந்துவிடும். தளம் கட்டியபின் அதைத் திருத்துவது பல மடங்கு வேலை.

கேள்வி: தளத்தின் தேடல் பெட்டியில் சில பெயர்களைச் சரியாகத் தட்டினாலும் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என்ன காரணம்?
(பல்கலைக்கழக மாணவி, வவுனியா)

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்குள் ஒன்றாக இல்லை. மூன்று காரணங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது ஒகர வரிசை. ‘கொ’ என்பதை ‘க’வுடன் ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், ‘ெ’யும் ‘ா’வும் என இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டையும் யூனிகோட் சமமானவை என்றே சொல்கிறது. ஆனால் உங்கள் நிரல் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் அவை வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. என்ற, இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது ஒரு வரி வேலை.

இரண்டாவது ஔகாரம். இதை அந்த ஒரு வரி தீர்க்காது. ‘கௌரி’ என்பதைப் பலர் ‘க’வுடன் ‘ெ’ சேர்த்து, அடுத்து ‘ள’ என்ற எழுத்தைத் தட்டி ‘கெளரி’ என்று எழுதுகிறார்கள். திரையில் அச்சொட்டாகத் தெரியும், உள்ளே ‘கெ’, ‘ள’, ‘ரி’ என மூன்றெழுத்து. ‘ெ’யை அடுத்து ‘ள’ வந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடவும் முடியாது, ‘வெள்ளி’ கெட்டுப்போகும். மூலப்பெயரைத் தொடாமல், தேடலுக்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்து இரண்டு வடிவங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது ‘ஸ்ரீ’. யூனிகோடில் இதை ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம், ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் நம்மிடையே எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி விதி எழுதுங்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டிய எழுத்துகளுடன் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் வந்திருக்கலாம், அவற்றையும் நீக்குங்கள்.

பிறகு மனிதர் எழுதும் வேறுபாடுகள். முறிகண்டி, முறுகண்டி. பூநகரி, பூனகரி. ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைத் தட்டுவோரும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் வைத்துவிட்டால் பெரிய தேடுபொறி எதுவும் வேண்டாம். ‘கிளிநொச்சியில்’, ‘முல்லைத்தீவுக்கு’ என்று வேற்றுமை உருபோடும் தேடுவார்கள். தட்டிய சொல் முழுவதும் பொருந்தவில்லையானால் கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பொருத்திப் பார்க்கலாம்.

தலைப்பெழுத்தை வேறு கட்டத்தில் சேமியுங்கள். ‘க.’ என்ற எழுத்தின்கீழ் பாதிப் பட்டியல் குவிந்தால் யாரையும் தேட முடியாது. வரிசைப்படுத்தும்போது யூனிகோட் எண்ணை நம்பாதீர்கள். அதில் ‘ற’ ‘ர’வை அடுத்தும், ‘ன’ ‘ந’வை அடுத்தும், ‘ஜ’ ‘ச’வை அடுத்தும் வரும். நம் நெடுங்கணக்கு அப்படியில்லை. தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு ஒப்பிடும் வசதி எல்லா உலாவிகளிலும் இருக்கிறது.

நூறு பேர் வரையிலான பட்டியலுக்கு ஒவ்வொரு தேடலுக்கும் தளத்தை வைத்திருக்கும் கணினியான சேவருக்குப் போய்வரத் தேவையில்லை. தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட். ஒருவருக்கு 200 குறியீடுகள் என்று வைத்தாலும் நூறு பேருக்கு 60 கிலோபைட். முழுப் பட்டியலையும் ஒருமுறை கைபேசிக்கு அனுப்பிவிட்டால் பிறகு சிக்னல் போனாலும் தேடல் வேலை செய்யும்.

கேள்வி: எழுத்தாளர்கள் தரும் விபரங்களைத் தளத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன.
(தட்டச்சு செய்பவர், கிளிநொச்சி)

அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் தமிழ் உருவம் ஆங்கில எழுத்தின் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது, எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் உள்ளது வெளியே தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது கட்டாயம். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதுவும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கும்.

கேள்வி: ஒரே எழுத்தாளரை ஒரே நாளில் இரண்டு பாடசாலைகள் அழைத்து, இரண்டுக்கும் ‘உறுதி’ என்று செய்தி போய்விட்டது. நிரலில் ‘அந்த நாள் காலியா’ என்று பார்த்த பிறகுதான் பதிகிறோம். அப்படியும் எப்படி நடந்தது?
(தள வடிவமைப்பாளர், கிளிநொச்சி)

பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இருவருக்கும் ‘காலி’ என்றே பதில் வரும், பிறகு இருவரும் பதிவார்கள். அதைத் தடுக்க வேண்டிய இடம் தரவுத்தளம்.

ஒதுக்கீட்டுக்கென்று ஒரு தனி அட்டவணை வையுங்கள். அதில் மூன்று நெடுவரிசைகள்: எழுத்தாளர், திகதி, வேளை. வேளை என்பது காலை, பிற்பகல், மாலை. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். இரண்டாவது பதிவு தானாகவே மறுக்கப்படும். உங்கள் நிரல் அந்த மறுப்பைப் பிடித்து ‘இந்த வேளை இப்போதுதான் எடுக்கப்பட்டது, அடுத்த காலியான நாட்கள் இவை’ என்று காட்ட வேண்டும். அழைப்பு ரத்தானால் இந்த அட்டவணையின் வரியை அழித்துவிடுங்கள். அழைப்பின் வரலாறு வேறு அட்டவணையில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ரத்தான அழைப்பும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அழைப்புக்கு ஐந்து நிலைகள் போதும்: கேட்கப்பட்டது, பிடித்துவைத்தது, உறுதி, முடிந்தது, ரத்து. ‘பிடித்துவைத்தது’ மிக அவசியம். எழுத்தாளர் ‘வரலாம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார். பாடசாலை வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்குக் காத்திருக்கும். அதற்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்து, இரண்டாம் நாள் இருவருக்கும் நினைவூட்டல் அனுப்பி, மூன்றாம் நாள் முடிய நாளைத் தானாக விடுவியுங்கள். காலாவதி இல்லாமல் பிடித்துவைக்க விட்டால் ஒக்டோபர் முழுவதும் உறுதியாகாத அழைப்புகளால் நிறைந்து, உண்மையாக அழைக்க விரும்புவோருக்கு நாள் கிடைக்காது.

‘உறுதி’ என்று மாற்றும் உரிமை எழுத்தாளருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் தளத்துக்குள் நுழையத் தெரியாதவராக இருந்தால் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இணைப்பாளர் தொலைபேசியில் கேட்டு அவர் சார்பில் அழுத்தலாம். யார், எப்போது அழுத்தினார் என்பது பதிவாக வேண்டும்.

வன்னித் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்கு இன்னும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வவுனியாவில் காலையும் முல்லைத்தீவில் பிற்பகலும் என்று நாட்காட்டி அனுமதிக்கலாம், பஸ்ஸில் போகும் மனிதருக்கு அது முடியாது. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்பதைப் பொதுவிதியாக்கி, இரண்டை ஏற்பவர் தானே திறந்துவிடட்டும். ‘அருகில் உள்ளவர்’ என்று நேர்கோட்டுத் தூரத்தைக் காட்டும் வசதியையும் தவிர்க்கச் சொல்வோம். கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை அது பக்கத்து வீட்டுக்காரர் ஆக்கிவிடும். எந்தெந்த நகரங்களுக்கு வருவேன் என்று எழுத்தாளரே அடையாளமிடுவதுதான் சரியான தகவல்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். குளங்கள் வான்பாய்ந்தால் உள்வீதிகள் மூடப்படும். அந்த மாதங்களின் அழைப்புகளுக்கு மாற்றுத் திகதி ஒன்றைப் படிவத்தில் கட்டாயமாக்குங்கள்.

கேள்வி: என் தொலைபேசி இலக்கத்தைத் தளத்தில் போடாமல் என்னைச் சேர்க்க முடியாதா? புனைபெயரில் எழுதுகிறேன்.
(எழுத்தாளர், மாங்குளம்)

முடியும், அப்படித்தான் செய்ய வேண்டும். பொதுப் பக்கத்தில் உங்கள் இலக்கம், வீட்டு முகவரி, மின்னஞ்சல் எதுவும் இருக்கத் தேவையில்லை. அழைப்புப் படிவம் முதலில் இணைப்பாளருக்கு வரும், அவர் வழியாக உங்களுக்கு. நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகே அழைத்தவருக்கு உங்கள் இலக்கம் போகும்.

புனைபெயரையும் இயற்பெயரையும் இணைக்கும் தகவல் உங்களுடையது. ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று வேறொருவர் அதைத் தளத்தில் எழுத இடமில்லை. நம் மண்ணில் இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பழைய எழுத்துகள், பழைய அமைப்புகள், குடும்பத்தில் காணாமற்போனோர் பற்றிய செய்தி எதுவும் எழுத்தாளர் தன் கையால் ஒப்புதல் தராமல் அவரது பக்கத்தில் வரக்கூடாது. ஊர் என்ற இடத்தில் கிராமத்தின் பெயருக்குப் பதிலாக மாவட்டத்தை மட்டும் போடவும் வழி இருக்கட்டும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தளம் நடத்துவோர் எதற்காகத் தகவலைப் பெறுகிறோம், யார் பார்ப்பார்கள், எப்படி நீக்குவது என்று மூன்று வரியில் படிவத்தின் மேலேயே எழுதி ஒப்புதல் பெறட்டும். ஒப்புதல் கட்டத்தில் முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைக்கக்கூடாது. நிகழ்ச்சியில் மாணவரைப் படம் எடுப்பது, பேச்சை நேரலையாக முகநூலில் விடுவது ஆகிய இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பேச வரச் சம்மதித்தவர் நேரலைக்கும் சம்மதித்ததாகிவிடாது.

கேள்வி: சன்மானத் தொகையைத் தளத்தில் வெளிப்படையாகப் போடலாமா? எங்கள் எழுத்தாளர்கள் பணம் பேசக் கூச்சப்படுகிறார்கள்.
(இலக்கிய வட்டச் செயலாளர், மல்லாவி)

கூச்சத்தைத் தளம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாளர் வாய்திறந்து கேட்கவேண்டிய நிலையை ஒழிப்பதுதான் இப்படியொரு தளத்தால் கிடைக்கும் பெரிய நன்மை என்று நாங்கள் கருதுகிறோம்.

படிவத்தில் பயணச் செலவையும் சன்மானத்தையும் வேறு வேறு வரிகளாக வையுங்கள். பயணச் செலவைக் காலியாக விட்டால் படிவம் போகக்கூடாது. ‘வாகனம் அனுப்புவோம்’, ‘பஸ் கட்டணமும் சந்தியிலிருந்து ஓட்டோவும் தருவோம்’, ‘எரிபொருளுக்குத் தருவோம்’ என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சன்மானத்தில் தொகையை எழுதலாம், ‘தர இயலாது’ என்றும் தேர்ந்தெடுக்கலாம். சிறிய கிராமப் பாடசாலைக்கு இலவசமாகவே வர விரும்புவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது முன்கூட்டிய உண்மை. எழுத்தாளர் பக்கத்தில் தொகை போடுவதா இல்லையா என்பது அவரவர் விருப்பம்.

எப்போது தரப்படும் என்பதும் ஒரு கட்டம்: நிகழ்ச்சி நாளிலா, பின்னர் வங்கியிலா. அரச நிறுவனங்களில் கொடுப்பனவுக்குப் பற்றுச்சீட்டும் ஒப்பமும் தேவைப்படும், சில வாரம் எடுக்கும். அதை முன்பே சொன்னால் மனத்தாங்கல் வராது. பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம் எல்லாம் வாங்கிவிட்டு, பேச்சாளர் கைக்காசில் பஸ் ஏறிப் போவதை நம் விழாக்களில் கண்டிருப்பீர்கள். படிவத்தின் அந்த ஒரு கட்டாய வரி அதைத் தடுக்கும்.

நூல் விற்பனைக்கு ஒரு மேசை கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். சன்மானம் இல்லாத இடத்தில் பத்து நூல் விற்பதே எழுத்தாளருக்கு ஆறுதல். இணையவழிக் கட்டணம் செலுத்தும் வசதியை இப்போது சேர்க்க வேண்டாம். இந்த அளவுத் தொகைகளுக்கு வங்கிப் பரிமாற்றம் போதும், தளத்தின் பொறுப்பும் குறையும்.

கேள்வி: எங்கள் பக்கம் சிக்னல் குறைவு. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகிறது. தளமும் மெதுவாகத் திறக்கிறது.
(ஆசிரியர், துணுக்காய்)

படிவத்தில் ஒவ்வொரு கட்டம் நிரப்பியதும் கைபேசிக்குள்ளேயே சேமிக்கும்படி செய்ய வேண்டும். பக்கத்தை மூடித் திறந்தாலும் எழுதியது இருக்கும். படிவம் திறக்கும்போதே அதற்கொரு தனி இலக்கம் உருவாக்குங்கள். அனுப்பும்போது சிக்னல் அறுந்து, மறுபடி அழுத்தினால் அதே இலக்கத்தைப் பார்த்து சேவர் இரண்டாவதைத் தவிர்த்துவிடும். இல்லையேல் ஓர் அழைப்பு மூன்றாகப் பதிவாகும். அனுப்பி முடிந்ததும் அந்த இலக்கத்தையே ‘அழைப்பு இலக்கம்’ என்று பெரிதாகக் காட்டுங்கள். தொலைபேசியில் விசாரிக்க உதவும்.

படங்களை 480 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் 40 கிலோபைட்டுக்குள் கொண்டுவரலாம். கண்ணுக்கு எட்டும்போது மட்டும் படம் இறங்கட்டும். காணொளியை அழுத்தினால்தான் ஏற்ற வேண்டும். ஒரு தமிழ் எழுத்துரு, இரண்டு தடிப்புகள், அதற்கு மேல் வேண்டாம். எழுத்துரு வந்து சேரும்வரை கைபேசியின் சொந்த எழுத்துருவில் உரை தெரியும்படி அமையுங்கள்.

தமிழுக்கு வரி இடைவெளி எழுத்தளவின் 1.6 முதல் 1.8 மடங்கு வரை இருக்கட்டும். ஆங்கிலத் தலைப்புகளுக்குச் செய்வதுபோல எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சேர்த்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். படம் இல்லாதவருக்குப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. முதல் குறியீட்டை மட்டும் வெட்டினால் ‘கௌரி’க்கு ‘க’ என்றும் ‘சிவம்’ என்பதற்கு ‘ச’ என்றும் வரும். முழு எழுத்தாக வெட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பக்க முகவரியில் தமிழ்ப் பெயர் வைத்தால் வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது குறிகளாக விரிந்து பல வரிக்கு நீளும். முகவரிக்கு எண் அல்லது சிறிய ஆங்கில எழுத்துகள் போதும்.

கேள்வி: உறுதிப்படுத்தும் செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாமா, மின்னஞ்சலா, வட்ஸ்அப்பா?
(தன்னார்வலர், பரந்தன்)

வட்ஸ்அப் முதலில், குறுஞ்செய்தி காப்புக்கு, மின்னஞ்சல் அலுவலகக் கோப்புக்கு. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியீடுதான் கொள்ளும், ஆங்கிலத்தில் 160. ‘கிளிநொச்சி’ கண்ணுக்கு ஐந்தெழுத்து, துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் பத்து. 70ஐத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்துக் கட்டணம் எடுப்பார்கள். ஆகவே திகதி, நேரம், இடம், அழைப்பு இலக்கம் மட்டும். வட்ஸ்அப் இணைப்பு உருவாக்கும்போது முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேருங்கள், கூட்டல் குறி வேண்டாம். இதைத் தவறவிட்டால் பொத்தான் அழுத்தியதும் ‘இலக்கம் தவறு’ என்று வரும். மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போனால் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) அமைப்பில், மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கனடா, இலண்டனில் உள்ள நம் எழுத்தாளர்களையும் சூம் வழியாகச் சேர்க்கலாமா?
(பழைய மாணவர் சங்கம், முல்லைத்தீவு)

சேர்க்கலாம், ஆனால் ‘நேரில்’, ‘இணையவழி’ என்று முதல் வடிகட்டியிலேயே பிரித்துவிடுங்கள். நேரத்தில்தான் குழப்பம் வரும். இங்கே மாலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. இலண்டனில் பிற்பகல் 1.30 அல்லது 12.30. அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவது மார்ச்சில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை. இலண்டன் ஒக்டோபர் கடைசி ஞாயிறு, ரொறன்ரோ நவம்பர் முதல் ஞாயிறு. வாசிப்பு மாத நிகழ்ச்சிகள் சரியாக இதற்குள் விழும். ஆகவே கூட்டல் கழித்தல் கணக்கை நிரலில் எழுதாமல், கொழும்பு, ரொறன்ரோ, இலண்டன் என்று நேரவலயப் பெயரால் சேமியுங்கள். உறுதிச் செய்தியில் இரு ஊர் நேரமும் வரட்டும்.

கேள்வி: எழுத்தாளர்களுக்கு நட்சத்திரப் புள்ளி போடும் வசதி வேண்டுமா? கூத்துக் கலைஞர்களையும் சேர்க்கலாமா?
(வாசகர், நெடுங்கேணி)

புள்ளி வேண்டாம். ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு நிகழ்ச்சிதான் நடக்கும். அதில் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டால் அது அவரைப் பற்றி எதையும் சொல்லாது, ஆனால் மனத்தை நோகடிக்கும். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் இரு தரப்புக்கும் மூன்று கேள்வி அனுப்பி, பதிலை இணைப்பாளர் மட்டும் பார்க்கட்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை மனதாரச் சேருங்கள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் பாடலை எழுத்துப்பிரதியோடு விளக்கக்கூடியவர் பாடசாலைக்குக் கிடைத்தால் அது பெரும்பேறு. தலைப்புப் பட்டியலில் ‘பாடிக்காட்டல்’ என்று ஒரு வகையும், தேவைகளில் மத்தளத்துக்கும் பிற்பாட்டுக்காரருக்குமான பயணச் செலவும் இருக்க வேண்டும்.

கேள்வி: இப்படித் தொடங்கிய தளங்கள் ஓராண்டில் செத்துப்போகின்றனவே?
(ஓய்வுபெற்ற அதிபர், பூநகரி)

பெரும்பாலும் பழைய தகவலால்தான். இரண்டு முறை அழைத்து ‘அவர் இப்போது வெளிநாட்டில்’ என்று பதில் கிடைத்தால் யாரும் மூன்றாம் முறை தளத்துக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் எல்லா எழுத்தாளர்களுக்கும் அவர்களது பக்கத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி மூன்றே விடயம் கேளுங்கள்: இந்தத் தவணை வர முடியுமா, எந்த நாட்கள் முடியாது, புதிய நூல் உண்டா. பதில் வந்த திகதியை அவரது பக்கத்தில் ‘கடைசியாகச் சரிபார்த்தது’ என்று காட்டுங்கள். இரண்டு தவணை பதில் இல்லையானால் அழைப்புப் பொத்தானை மட்டும் மறையுங்கள், பக்கம் இருக்கட்டும். எழுத்தாளர் காலமானால் குடும்பத்தின் சம்மதத்தோடு பக்கத்தைப் பேணி, பொத்தானை நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். இதை யாராவது பார்த்துச் செய்யாவிட்டால் இறந்தவருக்கு அழைப்பு நினைவூட்டல் போகும், அந்த வீட்டார் அதைத் தாங்கமாட்டார்கள்.

இந்த வேலைக்குப் பெயர் குறிப்பிட்ட ஒருவரும், அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவரும் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவராக இருந்தால் நாற்பது எழுத்தாளரைச் சமாளிக்கலாம். டொமைன், சேவர் இரண்டின் கடவுச்சொல்லும் தளம் செய்த இளைஞரின் கையில் மட்டும் இருந்தால் அவர் வேலைக்குக் கொழும்பு போனதும் தளம் நின்றுவிடும். டொமைனைச் சங்கத்தின் மின்னஞ்சலில் பதியுங்கள், புதுப்பிக்கும் திகதியை இருவரின் கைபேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே குறியுங்கள். மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் விரிதாளாக இறக்கி நூலகக் கணினியில் ஒரு பிரதி, வேறொரு கட்டடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அந்த விரிதாளில் தொலைபேசி இலக்கங்கள் இருப்பதால் கடவுச்சொல் போட்டே வைக்க வேண்டும்.